பிச்சாத்திக்கு உறை: பட்டன் இல்லாமல் நிற்க வைத்த கதை

குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் சில்லறை வேலைக்கு நான் இடுப்பில் வைத்திருப்பது ஒரு பிச்சாத்தி, அதாவது சின்னக் கத்தி. நாலரை அங்குல அலகு, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்தது, பூவரசங்கட்டைப் பிடி. மடக்குக் கத்தி இல்லை என்பதால் உறைதான் எல்லாம். குனிந்தால் விழக்கூடாது, பைக்கில் போகும்போது நழுவக்கூடாது. அதே சமயம் எடுக்க நினைத்தால் ஒரே கையில் வர வேண்டும்.

கடை உறைகளில் பெரும்பாலும் பிடியைச் சுற்றி ஒரு வார், அதில் ஒரு டிச் பட்டன். தோட்ட வேலைக்கு இது சரிப்படாது. ரப்பர் பால் பட்டனின் குழிக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டால் அமுக்கினாலும் பூட்டாது. ஊக்கால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அதைவிட மோசம், கத்தியை உருவும்போதும் சொருகும்போதும் வார் கூர்ப்பக்கம் வந்து நிற்பது. என் பழைய உறையில் வார் பாதி அகலத்துக்கு அறுபட்டுவிட்டது.

கருங்கல் பக்கம் பனையேறும் மாமா ஒருவர் உண்டு. அவர் இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிக்கு வாரும் கிடையாது, பட்டனும் கிடையாது. கேட்டால், “ஒரு கை மரத்தப் பிடிச்சிருக்கும் மக்கா, பட்டன் கழத்த இன்னொரு கைக்கு எங்க போறது?” என்றார். ஆனால் பனையில் ஆள் எப்போதும் நிமிர்ந்தே இருப்பார். அருவாள் தன் கனத்திலேயே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். நான் பாதி நேரம் குனிந்து நிற்கிறவன். அப்படியே காப்பியடிக்க முடியாது.

பின்லாந்துக்காரர்களின் புக்கோ கத்தி உறையில்தான் வழி கிடைத்தது. அதில் தோல் உறை அலகோடு நிற்காமல் பிடியின் பாதி வரை ஏறி, பிடியைத்தான் இறுக்கிப் பிடிக்கும். அலகைப் பிடிக்கிற உறை, கூர்மையையும் மழுக்கும், தன்னையும் வெட்டிக்கொள்ளும். பிடியைப் பிடித்தால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. என் கத்தியின் பிடி அலகுப் பக்கம் கொஞ்சம் புடைத்து, அதன் பிறகு ஒடுங்கும். உறையின் வாய் அந்தப் புடைப்பைத் தாண்டிப் போய் ஒடுக்கத்தில் கவ்வ வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

முதலில் பிவிசி குழாயில் செய்தேன், மலிவு என்பதால். இரண்டரை அங்குலக் குழாயை நீளவாக்கில் அறுத்து, ஹீட் கன்னால் சூடாக்கி விரித்தேன். பிறகு கத்தியைச் சுற்றி மடித்து, பழைய மெத்தை ஸ்பாஞ்சு வைத்த இரண்டு பலகைகளுக்கு நடுவே கிளாம்ப் போட்டு நெருக்கினேன். பிவிசி கருகினால் வரும் புகை கெட்டது. இதை முற்றத்தில்தான் செய்ய வேண்டும். நன்றாகவே வந்தது. சொருகினால் ‘டக்’ என்று உட்காரும், தலைகீழாக உதறினாலும் விழாது, மழை ஒன்றும் செய்யாது. முனையில் ஒரு ஓட்டை போட்டால் தண்ணீரும் வடிந்துவிடும். குறை என்றால், மணல் உள்ளே போனால் அலகு முழுக்கக் கீறல். வெயிலில் பைக் மேல் விட்டால் பிளாஸ்டிக் இளகி வாய் விரிகிறது.

அதனால் தோலுக்கு வந்தேன். உறைக்கு ஏற்றது ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் பதனிட்ட தோல். அதை நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே காய்ந்து நிற்கும். கைப்பைக்கும் செருப்புக்கும் வரும் குரோம் தோல் அப்படி நிற்காது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் தெரியும்: பட்டைத் தோல் உள்வரை பழுப்பு, குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல் ஓடும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் எனக்குப் போதுமாக இருந்தது.

தையலில் கவனிக்க வேண்டியது கூர்ப்பக்கம். இரண்டு மடிப்புக்கும் நடுவே ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்காவிட்டால் கத்தி நேராக நூலில்தான் உரசும். பட்டை வைத்தால் கூர் பட்டையில் முட்டும், நூல் தப்பிக்கும். குத்தூசியால் துளை போட்டு, மெழுகு நூலின் இரு முனையிலும் ஊசி கோர்த்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுத்தேன். இப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் மற்றது கழன்று ஓடாது.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் குமிழி நிற்கும் வரை உறையை ஊறவைத்தேன். கத்திக்கு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி உள்ளே இறக்கி, கரண்டியின் முதுகால் பிடியின் ஒடுக்கத்தைச் சுற்றி அழுத்தினேன். விரல் பட்ட இடமெல்லாம் பதிந்தது. காய வைப்பது நிழலில்தான். உறையின் மேல், மார்த்தாண்டத்துத் தேனீக்காரர் ஒருவரிடம் வாங்கிய மெழுகை உருக்கித் தேய்த்தேன். தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்லிப் பலர் வந்தார்கள். அது தோலைத் தளர்த்திவிடும், பிடிப்பு போய்விடும்.

சோதனைக்கு, மணல் சாக்கின் மேல் தலைகீழாகப் பிடித்து உதறினேன், கத்தி அசையவில்லை. எடுக்கும்போது கட்டைவிரலை உறையின் வாயில் ஊன்றித் தள்ளினால் பிடி விடுகிறது. மற்ற விரல்கள் தையல் பக்கம் போகக்கூடாது, நூல் விட்டிருந்தால் விரல் போகும்.

ஆனி ஆடிச் சாரலில் நாள் முழுக்க நனைந்தபோது மட்டும் பிடிப்பு பாதியாகக் குறைந்தது. காய்ந்ததும் திரும்ப இறுகியது. நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டே, ஐப்பசியிலும் இதே கதைதான். இரவில் கத்தியை உறையில் விடுவதில்லை, ஈரத்தோலில் லாரிப் பட்டை எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு மட்டும் பிடியின் மேல் போட ஒரு சைக்கிள் டியூப் வளையம் வைத்திருக்கிறேன். அடுத்து, தோல் உறைக்குள் மெல்லிய பிவிசி தகடு செருகிப் பார்க்க எண்ணம். இதே அளவில் அது அடங்காது, தோலை அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும்.