தறியை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்

கை விறைப்பென்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "காலையில எழும்பினதும் விரல் மடங்குமா, நேரமெடுக்குமா?" என்றுதான். அம்பாறைக் கரையோரத்தில் இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை செய்து வந்த பழக்கம் இது. கைத்தறி, தையல், வயல் என்று இங்கே பலருக்கும் கையை நம்பிய சீவியம். கை நொந்தால் உடனே வேலையைத்தான் காரணம் சொல்வார்கள்.

மருதமுனையில் தறி நெய்கிற ஒரு தாய் வந்தார். "ராவையில விறைச்சு எழும்பிருவன் புள்ள, உதறினாத்தான் கொஞ்சம் சரியாகும்" என்றார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி; சின்னவிரலில் ஒன்றுமில்லை. மணிக்கட்டை மடித்துப் பிடிக்கச் சொன்னேன். ஒரு நிமிடம் ஆகுமுன்னே விறைத்துவிட்டது. மணிக்கட்டு வழியாக இந்த விரல்களுக்குப் போகும் மீடியன் நரம்பு நெரிபடுகிறது, சரி. ஆனால் இரண்டு கையிலும் விரல் முட்டுகள் வீங்கி, அமர்த்தினால் பஞ்சு போல அமிழ்ந்தன. காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விரல் மடங்காதாம். வீட்டார் சொல்லித் தறியையும் விட்டிருந்தார். கூலி போனது, நோவு போகவில்லை.

மணிக்கட்டில் எலும்புக்கும் தடித்த தசைநாருக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய வழி. விரல்களை மடக்கும் 9 நாண்களும் அந்த நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. முடக்குவாதத்தில், அதாவது மூட்டுகள் அழன்று வீங்கும் ருமட்டாய்டில், நாண்களைச் சுற்றிய உறை அழன்று தடிக்கும். இடம் போதாமல் நரம்பு நசியும். சிலருக்கு முடக்குவாதம் முதன்முதலில் தலைகாட்டுவதே இந்த விறைப்பாகத்தான். இதற்குப் பின்னால் நீரிழிவோ தைராய்டுக் குறைபாடோகூட இருக்கலாம். அதையெல்லாம் பார்க்காமல் விற்றமின் குளிசையோடு அனுப்பிவிடுவது எனக்குப் பொறுக்காது. பெருவிரலடிச் சதை கரைந்த பிறகு வருகிறவர்களுக்கு அந்தப் பலத்தை மீட்பது பெரும்பாடு.

இரவில் மணிக்கட்டை நேராக வைக்க ஸ்பிளின்ட் செய்து கொடுத்தேன். முட்டுகளின் நிலைமையை எழுதி மூட்டுவாத கிளினிக்குக்கு அனுப்பினேன். இரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் தொடங்கினார்கள். இந்த நோய்க்கு இது வாரத்துக்கு ஒரே நாள் போடுகிற மருந்து. தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் மகளையும் பக்கத்தில் இருத்தி, கலண்டரில் சனிக்கிழமைகளை வட்டம் போடச் சொன்னேன். வீக்கம் இறங்க மாதக்கணக்கில் சென்றது. இப்போது தறிக்குத் திரும்பியிருக்கிறார், இடையிடையே கையை ஆறவிட்டு நெய்கிறார்.