உதவித்தொகையும் சிந்தனைத் திறனும்

அமெரிக்காவில் அரசு உதவித்தொகையில் வாழும் தாய்மார்களுக்குத் தொலைநோக்கோடு சிந்திக்கத் தெரியாது, வேலைக்குச் செல்லும் பெண்களிடமிருந்து அவர்களை வேறுபடுத்துவது அதுதான் என்று எவரேனும் எழுதும்போதெல்லாம், 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு என் நினைவுக்கு வருகிறது. அதன் ஒரு பகுதியில் பங்கேற்றவர்கள் நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில் சிந்தனைச் சோதனைகளில் தடுமாறிய அதே மனிதர்கள், அறுவடைப் பணம் வந்தபின் தேறினார்கள். குறை மனிதர்களிடம் இல்லை, வறுமையில் இருந்தது.

அந்தத் தாய்மார்களின் கல்விக்குக் குறுக்கே நின்றதோ சட்டம். 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், கூட்டாட்சி நிதியிலிருந்து பெறும் உதவிக்கு 60 மாத வரம்பு விதித்ததோடு, ஒருவரின் தொழிற்கல்வியை, உதவி பெறுவோர் செய்தாக வேண்டிய வேலையாக 12 மாதங்களுக்கு மட்டுமே கணக்கிட்டது. இரண்டாண்டுப் படிப்பை முடிக்க விரும்பிய தாய், பாதியில் அதை விட்டுவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போவதைத் தொலைநோக்கின்மை என்பதா? (சட்டம் இயற்றியவர்களின் தொலைநோக்கை எந்தச் சோதனையும் அளக்கவில்லை.)

இனத்தை ஒதுக்கிவிட்டும் இதைப் பேச முடியாது. 1943இல் லூசியானா மாநிலம், பருத்தி வயல்களில் ஆள் தேவைப்படும் காலத்தில் தாய்மார்களுக்கு உதவி மறுக்கும் விதியைக் கொண்டுவந்தது. அதன் சுமை பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் மீதே விழுந்தது. உழைக்க மறுப்பவர்கள் என்று பின்னாளில் பழிக்கப்பட்டவர்களும் அவர்களே.