நெட் தேர்வில் சமூகப் பூச்சிகள்: 0.75-ஓடு நிறுத்திவிடாதீர்கள்

பெங்களூரில் தங்கி சிஎஸ்ஐஆர் நெட் (ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) லைஃப் சயின்ஸுக்குப் படிக்கிற நம் பிள்ளைகள் பலர், எறும்பு, தேனீ, குளவிக் கூட்டங்கள் எப்படித் தோன்றின என்று கேட்டால், "சகோதரிகளுக்குள் உறவுக்கெழு (மரபணுக்கள் ஒத்துப்போகும் அளவு) 0.75" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிப் பதில். பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். அங்கே சிக்குவது மீதிப் பாதியில்தான்.

கணக்கைத் தாளில் போட்டே பழகுங்கள். இந்தப் பூச்சிகளில் தந்தை ஒற்றைமயம் (ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி), தாய் இரட்டைமயம் (இரண்டு தொகுதி). தந்தை ஒற்றைமயம் என்பதால் தன் மரபணுக்களை முழுதாகத் தருகிறது. எல்லா மகள்களுக்கும் அந்தப் பங்கு ஒன்றே: 0.5. தாய்வழியில் ஒத்துப்போவது 0.25. கூட்டினால் 0.75. ஆனால் சகோதரன் கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கிறான், அவனுக்குத் தந்தையே இல்லை. அவனோடு உறவு 0.25 மட்டுமே. சகோதரி, சகோதரன் சம அளவில் பிறந்தால் சராசரி 0.5. சொந்தக் குஞ்சோடும் அதே 0.5 தான்! ஆக, உறவினருக்கு உதவும் குணம் எப்போது பரவும் என்று உயிரியலாளர் ஹாமில்டன் 1964-ல் தந்த விதியில் (rB > C) r (உறவுக்கெழு) மட்டும் வேலையை முடிக்காது. B (உதவி பெறுபவருக்கு நன்மை), C (உதவுபவருக்கு இழப்பு) இரண்டையும் பாருங்கள்.

ராணி பல ஆண்களோடு இணைந்தால் சகோதரிகளின் சராசரி உறவு 1/4 + 1/(2n); n என்பது ஆண்களின் எண்ணிக்கை. ஆண்கள் 2 என்றால் 0.5, 10 என்றால் 0.3. தேனீ ராணி பல ஆண்களோடு இணையுமே என்ற கேள்வி இங்கே எழும். 267 இனங்களை ஒப்பிட்ட 2008 ஆய்வு, எறும்பு, தேனீ, குளவிகளில் சமூக வாழ்வு தோன்றிய காலத்தில் ராணி ஒரே ஆணோடுதான் இணைந்தது என்று காட்டியது. பல துணை பிற்பாடு வந்தது.

கறையானை விட்டுவிடாதீர்கள். ஆண், பெண் இரண்டும் இரட்டைமயம். வேலைக்காரர்களிலும் இருபாலும் உண்டு. அது கரப்பான் வம்சம். நெருங்கிய சொந்தம் மரத்துக்குள் குடும்பமாக வாழும் கிரிப்டோசெர்கஸ் என்ற கரப்பான். "சமூக வாழ்வுக்கு ஒற்றை-இரட்டைமயம் (ஆண் ஒற்றை, பெண் இரட்டை) கட்டாயம்" என்ற விடையைக் கண்டதும் தவறென்று அடித்துவிடலாம்.

தொடக்கநிலைச் சமூகத்துக்கு உதாரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம், ஊர்க்காரர்களுக்கு டாட்டா இன்ஸ்டிடியூட்) ராகவேந்திர கதக்கர் பல்லாண்டு ஆராய்ந்த ரோபாலிடியா மார்ஜினேட்டா குளவி அது. ராணிக்கும் வேலைக்காரிக்கும் உருவ வேறுபாடு கிடையாது. கூட்டில் சண்டை போடுவதுதான் ராணி என்று குறித்தால் தவறு. இதில் ராணி சாது, வேதிச் சமிக்ஞையால் தன் இருப்பை உணர்த்துகிறது. ராணியைக் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் சில நிமிடங்களில் ஒரு வேலைக்காரி கடும் ஆக்ரோஷம் காட்டும். அடுத்த ராணி அதுதான்.