எங்கள் ஊருக்கு டைம் கிடையாது

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

நிழற்குடைச் சுவரில் கறுப்புப் பெயிண்டில் 7.40 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. இன்று பஸ் வந்தது 8.03க்கு. கடைசியாக என்றைக்கு 7.40க்கு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை. அச்சகத்தில் முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நாளையிலிருந்து பஸ் வரும் நேரத்தை எழுதிவைப்பதாக உத்தேசம். எதற்கு என்று மனைவி கேட்டாள். "சும்மா" என்றேன். "பால் கணக்கே நீங்க எழுத மாட்டீங்க" என்றாள். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

செவ்வாய் 7.51. புதன் 7.49. இன்று வரவே இல்லை.

வராத பஸ்ஸுக்கு நேரம் எழுத முடியாது என்பது நோட்டு வாங்கும்போது தோன்றவில்லை. ஒரு கோடு போட்டு வைத்தேன். எட்டேகால் வரை நின்றுவிட்டு, மெயின் ரோடு வரை நடந்து போய் ரூட் பஸ் பிடித்தேன்.

நிழற்குடையில் இருந்த யாரும் கோபப்படவில்லை. வராத பஸ்ஸை எப்போது வராத பஸ் என்று முடிவுகட்டுவது என்பதற்கு இங்கே ஒரு முறை இருக்கிறது. பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் போய், பால் கேன் கட்டிய மோட்டார் சைக்கிள் காலி கேனோடு திரும்பியும் பஸ்ஸைக் காணோம் என்றால், அன்றைக்கு இல்லை. பூக்கார அக்காவிடம் கைக்கடிகாரம் கிடையாது. செல்போன் எப்போதும் கூடைக்கு அடியில், வாழைச்சருகுக்குக் கீழே. பால்காரர் வண்டி காலி கேன் சத்தத்தோடு வளைவில் திரும்பியதுமே கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். நான் இருபது நிமிஷம் கூடுதலாக நின்றேன், நோட்டும் கையுமாக.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று 7.36க்கே போய்விட்டது!

நான் போய்ச் சேர்ந்தபோது 7.38. "இப்பத்தான் போச்சு, ரெண்டு நிமிசம் இருக்கும்" என்றார் டீக்கடை அண்ணன், ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்காமல். லேட்டாக வரும் பஸ்ஸை மன்னிக்கலாம், முன்னாலேயே போகும் பஸ்ஸை எப்படி மன்னிப்பது? லேட்டானால் எல்லோருக்கும் லேட். சீக்கிரம் போனால் சரியான நேரத்துக்கு வந்தவன் மட்டும் முட்டாள்.

நோட்டில் 7.36 என்று சிவப்புப் பேனாவில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆத்திரம் அடங்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தேதி, நேரம், வண்டி எண் எல்லாம் போட்டு ஒரு புகார் அனுப்பிவிட்டேன். பதிவு எண் ஒன்று செல்போனுக்கு வந்தது. அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியைப் பரோட்டா தீர்த்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

7.54. அதற்கு முன்னாலேயே இன்னொன்று வந்தது. மினி பஸ்.

1997இல் வந்த மினி பஸ் திட்டத்தில், பெரிய பஸ் போகாத ஊர்களுக்காக விட்டது இது. புதுத் திட்டத்தை ஜூன் 16ஆம் தேதிதான் தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்கள், 25 கிலோமீட்டர் வரை ஓடலாமாம். எங்கள் பக்கம் ஓடுவது பழைய ஆசாமி. பாதி வழி எங்கள் டவுன் பஸ்ஸின் பாதையிலேயேதான் வருவார், அதுவும் சரியாக ஐந்து நிமிஷம் முன்னால். முன்னால் போய்க் கலெக்‌ஷனை அள்ளிக்கொள்வது தொழில் தந்திரம், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஸ்டாப்பில் அந்தத் தந்திரம் பலிக்காது. மினி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துப் பார்க்கும். பெண்கள் ஒருவரும் அசைய மாட்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை, மினி பஸ்ஸில் உண்டு. ஏறுவது என்னைப்போல் இரண்டு மூன்று ஆண்கள்தான். இன்று நானும் ஏறவில்லை. நோட்டு இருக்கிறதே, அதை யார் எழுதுவது?

பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் முப்பது பெண்கள் ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் கண்டக்டர் காசில்லாத டிக்கெட் ஒன்று கிழித்துத் தர வேண்டும். முப்பது டிக்கெட் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று இந்த ரூட்டுக்கு நேரம் குறித்தவர் கணக்குப் போட்டிருப்பாரா தெரியவில்லை.

அப்புறம் பாக்கி. 20 ரூபாய் கொடுத்தேன், டிக்கெட் 12. "சில்லறை இல்ல சார், எறங்கும்போது வாங்கிக்குங்க" என்று டிக்கெட்டின் முதுகில் பேனாவால் 8 என்று எழுதிச் சுழித்துக் கொடுத்தார். இறங்கும்போது அவர் முன்படியில், நான் பின்படியில். மறந்தே போனேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. சட்டைப் பையைத் துழாவியதில் பழைய டிக்கெட்டுகள் ஐந்தாறு கிடைத்தன. மெஷின் டிக்கெட்டில் அச்சு வெயிலுக்கும் வியர்வைக்கும் மங்கி, சில மாதத்தில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. எங்கிருந்து எங்கே போனேன், என்றைக்கு, எவ்வளவு கொடுத்தேன், ஒன்றும் மிச்சமில்லை. முதுகில் பேனாவால் எழுதிய பாக்கி மட்டும் பளிச்சென்று இருக்கிறது: 8, 8, 3, 8. கூட்டினால் 27 ரூபாய். ஒரு பயணத்தில் இதுதான் நிற்கும்போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

7.58. ரயில்வே கேட்.

பஸ் கிளம்பும் கடைசி ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் அந்த கேட். மூடிவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. திருவாரூர் – காரைக்குடி அகலப்பாதையில் 2019 ஜூனில் ரயில் விட்டபோது நடந்த கூத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய ஆள் இல்லை என்று கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட் வந்ததும் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப்போய் கேட்டை மூடுவார். ரயில் தாண்டி மறுபடி நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிவந்து திறந்துவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல். என் மச்சினர் ஒரு தடவை வேடிக்கைக்காகவே குடும்பத்தோடு ஏறிப்போனார். பிள்ளைகள் கேட்டுக்குக் கேட் இறங்கி டாட்டா காட்டினார்களாம். புளியோதரை பட்டுக்கோட்டைக்கு முன்னாலேயே தீர்ந்துபோனதுதான் ஒரே குறை என்றார்.

அதைப் பார்த்தவனுக்கு எங்கள் பஸ்ஸின் 18 நிமிஷம் ஒரு பொருட்டா? இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேலை சீக்கிரம் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறைக்குப் போனேன். அறை என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கயிற்றில் தொங்கும் பேனா. ஓட்டுநர்களும் கண்டக்டர்களும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். இடையில் புகுந்து கேட்டேன்:

"சார், எங்க ஊருக்கு 7.40 வண்டி எத்தன மணிக்கு வரணும்?"

"எந்த 7.40?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். நீளமான நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்துக் காட்டினார். கடைசி ஊரில் 7.20 புறப்பாடு. பஸ் ஸ்டாண்ட் வருகை 8.10. நடுவில் ஒன்றுமில்லை.

"நடுவுல?"

"நடுவுல எதுக்கு சார் டைம்? பொறப்படுற எடம், சேர்ற எடம். ரெண்டுக்கும்தான் டைம். உங்க ஊருக்கு டைம் கிடையாது."

"நிழற்குடையில எழுதியிருக்கே."

"நாங்க எழுதல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாவமாகத்தான் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்து, புறப்பட வேண்டிய நேரம் தாண்டி நிற்கும் ஒரு வண்டியை விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டேன். டீக்கடை அண்ணனின் தம்பி. சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். தொகுதி நிதியில் நிழற்குடை கட்டி வெள்ளையடித்த வருஷம், மிச்சமிருந்த பெயிண்டில் எழுதினாராம்.

"7.40ன்னு யார் சொன்னது?"

"அன்னைக்கு வண்டி அப்பத்தான் வந்துச்சு" என்றார் அண்ணன்.

இத்தனை வருஷமாக ஊரே அந்த ஒரு நாள் காலையை வைத்துக்கொண்டு பஸ்ஸைத் திட்டியிருக்கிறது. நான் ஒருபடி மேலே போய் எழுத்துமூலம் புகாரே கொடுத்திருக்கிறேன். அந்தப் பதிவு எண்ணைத் தேடிப்பார்த்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று காட்டியது. திரும்பப் பெற வழி ஏதும் இருக்கிறதா என்று மேலும் கீழும் தள்ளிப்பார்த்தேன். இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வேளாங்கண்ணியில் இன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 வரை எங்கள் பக்கத்து பஸ்களுக்கு அங்கேதான் வேலை. நேற்று வரை வந்த வண்டிக்குப் பதில் ஒரு ஸ்பேர் பஸ் வந்தது. முன்கண்ணாடியில் வேறு ஏதோ ரூட்டின் போர்டு. நல்ல வேளை, பூக்கார அக்கா போர்டைப் பார்ப்பதில்லை, சத்தத்தைத்தான் கேட்பார். "இது நம்ம ரூட்டுதான், டிரைவர் தலையப் பாரு" என்றார். அவரை நம்பி பதினைந்து பேர் ஏறினோம்.

மாலை திரும்பும்போது மழை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் திருக்குறள் பலகையிலிருந்து தண்ணீர் ஒழுகி முதல் வரிசையில் விழுந்தது. ஒரு பெரியவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் குடைக்குள் நீட்டிக்கொண்டான். 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று ஜன்னலுக்கு மேலே. சிரத்தை உள்ளே நீட்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

வந்த நேரம் 8.06. வழக்கத்தில் எழுதினேன்.

செப்டம்பர் 3, புதன்

திங்கள் கோடு. செவ்வாய் 8.11. இன்று கோடு.

செப்டம்பர் 9, செவ்வாய்

7.52. பழைய வண்டி திரும்பிவிட்டது. பின்கண்ணாடியில் வேளாங்கண்ணி சிறப்புப் பேருந்து என்ற தாள் இன்னும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய கண்டக்டரும் வந்துவிட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது. பதினோரு நாள் கூவிய தொண்டை.

டிக்கெட் கிழிக்கும்போது குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"சார், நீங்கதான் நம்ம வண்டி டைம நோட்டுல எழுதுறீங்களாமே? டீக்கடையில சொன்னாங்க."

ஆமாம் என்றேன்.

"ஒரு ஒதவி சார். எட்டாந்தேதி, போன மாசம். அன்னைக்கு முன்னாடியே எடுத்துட்டுப் போயிட்டோம்னு யாரோ மனு போட்டிருக்காங்க. எனக்கும் டிரைவருக்கும் மெமோ. வேளாங்கண்ணி டூட்டியில இருக்கும்போதே வந்துருச்சு. அன்னைக்கு எத்தன மணிக்கு வந்தோம்னு உங்க நோட்டுல பாத்து, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்."

நோட்டு பையில்தான் இருந்தது. எடுத்துப் புரட்டினேன். தேடவே வேண்டியதில்லை, அந்தப் பக்கத்தில் மட்டும்தான் சிவப்பு மை. அடிக்கோடு போட்டு, 7.36. அந்த நேரத்தில் நான் ஸ்டாப்பிலேயே இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சொன்ன ரெண்டு நிமிஷத்தை 7.38இலிருந்து கழித்துப் போட்டது அது.

"மனு போட்டது நான்தான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பில் ஆறு பேர் ஏறினார்கள், அவர்களைப் பார்க்கப் போய்விட்டார். "பாக்காம எழுதிட்டேன், எங்க ஸ்டாப்புக்கு டைமே கெடையாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது, அதையும் சேத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. ஹாரன் சத்தம் வேறு.

பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போது பின்படிக்கு வந்தார். தோல்பையைத் திறந்து, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு ரூபாய் மூன்று, ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் வைத்தார்.

"எட்டு ரூவா. சரியா இருக்கா பாத்துக்குங்க சார்."