குறிகட்டுவானில் தலை எண்ணிய நாட்கள்

யாழ்ப்பாணத் தீவுகளின் போக்குவரத்து பற்றிய ஆய்வொன்றில் சில மாதம் களவேலை செய்தேன். இன்னும் இருபது வருடத்தில் எங்கே பாலம் வேண்டும், எங்கே இறங்குதுறை வேண்டும், எத்தனை படகு வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் நோக்கம். என் பங்கு சின்னது. குறிகட்டுவான் துறையில் நின்று வருகிற போகிற சனத்தை எண்ணி, ஆளுக்கொரு படிவம் நிரப்ப வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் (கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட ரோடு) வேலணை, அங்கிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவு, அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான். ரோடு அதோடு சரி. நயினாதீவுக்கு அங்கிருந்து கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம், காற்று விட்டால். வடக்கே ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் நடுவில் 'பாதை' ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. இந்தச் சொல் தெரியாத ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். 'பாதை பழுது' என்று ஊரார் சொன்னதையெல்லாம் அவர் ரோட்டுக் குழி என்று பதிந்து வைத்திருந்தார். அதைத் திருத்தவே இரண்டு நாள் போனது.

படிவத்தின் மூன்றாவது கேள்வி, பயணத்தின் நோக்கம். தொழில், கல்வி, மருத்துவம், வேறு. ஒன்றுக்கு மட்டும் சரி போட வேண்டும்.

இரண்டாம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்திறங்கிய ஒரு அம்மாவை மறித்தேன். ஒரு கையில் உரப்பையில் கட்டிய பனங்கிழங்கு, மறு கையில் பிளாஸ்டிக் கோப்பு. எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் கிளினிக், கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், ஒரு கடிதம், அடைவு வைத்த சங்கிலிக்கு வட்டி, சுன்னாகத்தில் கலியாணம் கட்டிய மகளுக்குக் கிழங்கு, பேரனுக்குச் சப்பாத்து என்று அடுக்கிக்கொண்டே போனார். இதில் முக்கியமானது எது அம்மா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன்.

"ஒரு வேலைக்கெண்டு வெளிக்கிடுறது டவுன் ஆக்கள், தம்பி. நாங்கள் ஒரு மாசத்து வேலையைச் சேத்து வச்சுத்தான் கடல் கடக்கிறம்."

நான் 'மருத்துவம்' என்று சரி போட்டேன். வேறு என்ன செய்வது? ஆனால் அன்றிரவு தாள்களைப் புரட்டும்போது உறுத்தியது. நகரத்தில் அதே வேலைகளுக்கு ஒருவர் ஐந்து முறை பஸ் ஏறியிருப்பார். எங்கள் கணக்கில் அவருக்கு ஐந்து பயணம், இந்த அம்மாவுக்கு ஒன்று. போக்குவரத்துத் தேவை நகரத்தில்தான் அதிகம் என்று அட்டவணை சொல்லாமல் வேறென்ன சொல்லும்? மறுநாளிலிருந்து படிவத்தின் பின்பக்கத்தில் எல்லா வேலைகளையும் எழுதத் தொடங்கினேன். அந்தப் பின்பக்கங்களை யாரும் கணினியில் ஏற்றவில்லை என்பது வேறு கதை.

இன்னொரு கேள்வி, கடல் பயணத்தின் பாதுகாப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் புள்ளி போடச் சொன்னது. நெடுந்தீவு ஐயா ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த வருசத்துக்குத் தம்பி?" என்றார். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் போன சனத்தை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். அதன் பிறகும் அதே படகு பழுது பார்க்கப்பட்டு, பல பத்தாண்டுகள் அதே கடலில் ஓடியது. அதே சனம்தான் அதில் ஏறியது. எனக்குத் தெரியாத கதையல்ல. தெரிந்தும் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டேனே என்றுதான் வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

பெரிய பிழை ஒன்றும் என் கையால் நடந்தது. சோழகக் காற்று அடித்த ஒரு கிழமையில் இரண்டு நாள் நெடுந்தீவுக்குப் படகே ஓடவில்லை. துறையில் ஐம்பது அறுபது பேர் மூட்டை முடிச்சோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். படிவப்படி ஏறியவர்களை மட்டும்தான் எண்ண வேண்டும். '0' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வரைபடத்தில் அந்த இரண்டு நாளும் பள்ளமாக விழுந்திருந்தன, பக்கத்தில் 'தேவை குறைந்த நாட்கள்' என்று ஒரு குறிப்பு. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. சைபரைக் கொடுத்தவன் நான்.

முடிவுக் கூட்டத்தில் ஒருவர் வட அத்திலாந்திக் கடலில் இருக்கிற பரோ தீவுகளின் படங்களைப் போட்டார். 2020-இல் திறந்த 11 கிலோமீற்றர் கடலடிச் சுரங்கம், அதற்குள்ளே ஒரு ரவுண்டபவுட். 2023-இல் சான்டோய் தீவுக்கும் கிட்டத்தட்ட அதே நீளத்தில் இன்னொன்று. அந்தத் தீவில் இருப்பது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். நெடுந்தீவில் அதைவிடக் கூடுதலான சனம் இருக்கிறது என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பாலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேரதீவு–சங்குப்பிட்டிப் பாதைக்குக் காத்துக் கிடந்தவர்களைக் கேட்டால், அங்கே 2011-இல் திறந்த 288 மீற்றர் பாலம் என்ன செய்தது என்று சொல்வார்கள். ஆனால் நெடுந்தீவுக் கடல் அந்த அளவு இல்லை. கல்லைக் கொட்டித் தாம்போதி போடலாம் என்றால் நீரோட்டம் அடைபடும் என்று மீன்பிடிக்கிற சனம் சொல்கிறது. சும்மா சொல்லவில்லை, பழைய தாம்போதிகளின் ஓரத்தில் வலை போட்டுப் பார்த்தவர்கள். அதைவிட, பாலத்தைப் பற்றிப் பேசப் பேச, நாளைக்கே செய்யக்கூடிய காரியங்கள் மேசையை விட்டு இறங்கிவிடுகின்றன.

நான் அறிக்கைக்குக் கொடுத்தது ஒரு பந்தி. நெடுந்தீவுப் படகு பிந்தினால், யாழ்ப்பாண பஸ் அதற்காக இருபது நிமிடம் நிற்க வேண்டும். அந்த பஸ்ஸை விட்டால் கிளினிக் நம்பர் போய்விடும், கிளினிக் பிந்தினால் பின்னேரப் படகு போய்விடும், அன்றிரவு யார் வீட்டிலாவது படுக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. பந்தியை வாசித்த அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இருபது வருசத் திட்டத்துக்குள்ளே பஸ் நிக்கிறதை எங்க தம்பி போடுறது?" என்றார். பின்னிணைப்பில் போடலாம் என்றேன். அச்சில் வந்தபோது பின்னிணைப்பிலும் இல்லை.

சில மாதம் கழித்து நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது குறிகட்டுவானில் பஸ் ஏறினேன். நேரமாகியும் வெளிக்கிடவில்லை. கொண்டக்டர் இறங்கி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அண்ணை நிக்குது என்று கேட்டேன். துறையடித் தேத்தண்ணிக் கடைக்காரர் போன் எடுத்தாராம்: நெடுந்தீவுப் படகு பிந்தித்தான் வருகிறது, நில்லுங்கோ என்று.

"எந்த நாளும் எடுப்பாரோ?"

"கடை திறந்திருந்தா எடுப்பார். இல்லாட்டி நாங்கள் போயிடுவம்."

படகு வந்து கட்டுவதற்குள் நான் அந்தக் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் மூன்று போன் நம்பர்கள் எழுதியிருந்தன. இரண்டுக்கு நேரே 'பஸ்' என்றும், ஒன்றுக்கு நேரே 'படகு' என்றும் இருந்தது.