சிம்ப்ளிஸ்டிக்னு ஒரு வார்த்தை போட்டு நான் பட்ட பாடு

நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நினைச்சா காது சூடாகுது. எங்க டீம்ல ஒரு சீனியர் மேடம் ராப்பகலா உக்காந்து ஒரு புது பிளான் போட்டு எல்லாருக்கும் மெயில்ல அனுப்பியிருந்தாங்க, யார் படிச்சாலும் புரியிற மாதிரி அவ்ளோ தெளிவா இருந்துச்சு, பாராட்டணும்னு மனசார தோணிச்சு. சிம்பிள்னு எழுதினா ரொம்ப சாதாரணமா இருக்குமேன்னு, அந்த வாரம் மனப்பாடம் பண்ண அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வார்த்தை லிஸ்ட்ல இருந்து சிம்ப்ளிஸ்டிக்கை எடுத்து, "ஐ ரியலி லைக் யுவர் சிம்ப்ளிஸ்டிக் அப்ரோச்"னு ரிப்ளை ஆல் குடுத்துட்டேன்.

என் லிஸ்ட்ல அதுக்கு நேரா 'மிக எளிமையான'னு ரெண்டே வார்த்தைதான் இருந்துச்சு. நிஜத்துல அது குறை சொல்ற வார்த்தை. சிக்கலான விஷயத்தை, இதுல ஒண்ணுமே இல்லங்கிற மாதிரி மேலோட்டமா பாத்திருக்கீங்கன்னு அர்த்தம். அத்தனை பேர் பாக்க அவங்க உழைப்பை அரைகுறைன்னு சொல்லியிருக்கேன்! ரெண்டு நாள் பதிலே வரல. அப்புறம் தனியா கூப்பிட்டு, "பிளான்ல எந்த இடம் உனக்கு சரியா படல, சொல்லும்மா, மாத்திடலாம்"னு நிதானமா கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அவங்களே டிக்ஷனரியைத் திறந்து திருப்பிக் காட்டினாங்க. மன்னிப்பு கேட்டேன், பெருந்தன்மையா விட்டுட்டாங்க, ஆனா அந்த மெயில் இன்னும் எல்லார் இன்பாக்ஸ்லயும் இருக்கு.

அந்த லிஸ்ட், வெளிநாட்டுல மேல்படிப்பு படிக்க எழுதுற ஜிஆர்இ பரீட்சைக்கு படிச்ச ஒரு பொண்ணு குடுத்தது, 3,500 வார்த்தை. ஒரு நாளைக்கு முப்பதுன்னு நாலு மாசம் ஓட்டினேன். பிறகுதான் தெரிஞ்சுது, வார்த்தையைத் தனியா குடுத்து எதிர்ச்சொல் கேக்குற கேள்விகளை அந்த பரீட்சையில 2011-லயே எடுத்துட்டாங்க, இப்போ வாக்கியத்துக்குள்ள பொருத்தமான வார்த்தையை வைக்கத்தான் சொல்றாங்க. அதாவது பரீட்சை வைக்கிறவங்களே கைவிட்ட முறையில நான் படிச்சிட்டு இருந்திருக்கேன்.

மறதி கணக்கும் அப்படித்தான். 1885-ல எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, எவ்ளோ வேகமா மறக்குதுன்னு தன்மேலயே சோதிச்சு எழுதி வச்சார், முதல் ஒரு நாளுக்குள்ளயே பெரும்பகுதி போயிடுது. எதோடயும் ஒட்டக்கூடாதுன்னு தான் அர்த்தமில்லாத அசைகளா அவர் பாத்து எடுத்தார். என் முப்பது வார்த்தையும் எதோடயும் ஒட்டாமதான் கிடந்துச்சு, வாரக் கடைசியில அஞ்சு கூட மிஞ்சாது.

இன்னொரு அடி உச்சரிப்புல. படிச்சு மட்டுமே தெரிஞ்ச வார்த்தையை வாய்ல போட்டா மாட்டிப்போம். ஒரு மீட்டிங்ல, பிளான் கோணலா போயிடுச்சுங்கிறதுக்கு "வென்ட் ஆரி" (went awry)ன்னேன். எதிர்ல இருந்தவர் ரெண்டு தடவை திருப்பிக் கேட்டார், நானும் ரெண்டு தடவை அதையே இன்னும் சத்தமா சொன்னேன். அது 'அ-ரை'யாம், அழுத்தம் ரை மேல. எபிடமியை (epitome) எபிடோம்னும், ஹைபர்பலியை (hyperbole) ஹைப்பர்போல்னும் அதுவரைக்கும் மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்திருக்கேன். தயவுசெஞ்சு புது வார்த்தை பாத்தா டிக்ஷனரியில அந்த ஸ்பீக்கர் படத்தை அமுக்கி காதால ஒரு தடவை கேட்டுடுங்க, அஞ்சு செகண்ட் வேலை.

சரி, எப்படி மீண்டேன்னா, முதல்ல அந்த லிஸ்ட்டை தூக்கிப் போட்டேன். இங்கிலீஷ் டு தமிழ் ஒத்தை வார்த்தை அர்த்தத்தை நிறுத்திட்டு, கத்துக்கிறவங்களுக்குன்னே இருக்கிற டிக்ஷனரிக்கு மாறினேன். ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்த ஹார்ன்பிங்கிறவர் தொகுத்து 1948-ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டதுதான் இந்த வகையில பெரிய பேர் வாங்கினது, இப்போ ஆன்லைன்லயே இருக்கு. அதுல அர்த்தத்தை விட கீழ இருக்கிற உதாரண வாக்கியங்கள்தான் தங்கம். வார்த்தை யார் கூட சேருதுன்னு அங்கதான் தெரியும். நம்ம பலத்த மழைன்னு சொல்றோம், அதை ஸ்ட்ராங் ரெயின்னு மாத்தினா சரியா வராது, ஹெவி ரெயின்தான். காஸ் (cause)ங்கிற வார்த்தை பாருங்க, பெரும்பாலும் பிரச்சனை, நஷ்டம், நோய்னு கெட்டதோடதான் வரும். மிட்டிகேட்னா, அதாவது தீவிரத்தைக் குறைக்கிறதுன்னா, ரிஸ்க், பாதிப்பு இதெல்லாம்தான் பக்கத்துல நிக்கும். நாமளே காலமானார்ங்கிற இடத்துல செத்துட்டார்னு எழுதுவோமா? ரெண்டுக்கும் சேதி ஒண்ணுதான், ஆனா துக்க வீட்டுல ஒரு வார்த்தை மாறினா என்ன ஆகும்னு நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். இங்கிலீஷ்லயும் அதே எச்சரிக்கை வேணும்னு எனக்கு உறைக்க இவ்ளோ நாள் ஆச்சு.

வாரத்துக்கு மூணே மூணு வார்த்தை. அதுவும் நானே படிக்கும்போதோ கேக்கும்போதோ குறுக்க வந்ததா இருக்கணும். மூணு வேற வேற இடத்துல பாக்குற வரைக்கும் அதை மெயில்ல போடமாட்டேன், ஆனா டைரியில அன்னைக்கே என் வாழ்க்கையைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதிடுவேன். ரெலக்டன்ட் எனக்கு வந்தது, போன் எடுக்கவே தயங்கின ஒரு நாளைப் பத்தி எழுதினதுல, இன்னைக்கு வரைக்கும் மறக்கல. ஆங்க்கின்னு கார்டு போட்டு மனப்பாடம் பண்ற ஆப் இருக்கு, அதுல கார்டு போடுறவங்க ஒரு பக்கம் வார்த்தை, மறு பக்கம் அர்த்தம்னு போடாதீங்க, முழு வாக்கியத்தை போட்டு அந்த வார்த்தையை மட்டும் காலியா விடுங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியலன்னா, 2000-ல கோக்ஸ்ஹெட்னு ஒரு மொழி ஆய்வாளர் தொகுத்த அகாடமிக் வேர்டு லிஸ்ட் இருக்கு, 570 வார்த்தைக் குடும்பம்தான், அதாவது ஒரு வார்த்தையும் அதுல இருந்து பிறக்கிறதும் சேர்ந்து ஒரு குடும்பம். டெரைவ், இம்ப்ளை, ஸிக்னிஃபிகன்ட் மாதிரி கட்டுரையில அடிக்கடி வர்ற சாதாரண வார்த்தைங்க. இதை சரியா கையாளத் தெரியறதுதான் உண்மையான அட்வான்ஸ்டுன்னு நான் நினைக்கிறேன், யாரும் கேள்விப்படாத வார்த்தையை எழுதுறது இல்ல. அப்புறம், டைப் பண்ணும்போது ரைட் கிளிக் பண்ணா வர்ற சினானிம் லிஸ்ட்ல இருந்து, முன்ன பின்ன தெரியாத வார்த்தையை மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க.

போன மாசம் எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒரு கிளையன்ட்டுக்கு மெயில் எழுதிட்டு, "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க"ன்னான். முதல் வரியே "யூ ஆர் நொட்டோரியஸ் ஃபார் யுவர் குவாலிட்டி". எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. நொட்டோரியஸை நான் இதுவரைக்கும் பாத்த இடமெல்லாம் கிரிமினல், மோசடின்னுதான் இருந்திருக்கு. கெட்டதுக்கு பேர் போனவங்களுக்கு சொல்றதுடான்னேன். "பிரபலமானன்னுதானே அக்கா போட்டிருக்கு"ன்னு மொபைல்ல காட்டினான், அதே மாதிரி ஒரு லிஸ்ட், நேரா ஒத்தை வார்த்தை. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து டிக்ஷனரியில அந்த உதாரணங்களை ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா படிச்சோம். வெல் நோன்னு மாத்திட்டு, அவனே செண்ட் அமுக்கினான்.