14 வயதுக் காரைச் சரிசெய்வதா, மாற்றுவதா: மூன்று வாரம் அலைந்த அனுபவம்

மேட்டுச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தபோது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பின் இருக்கையில் அம்மா இருந்தார். வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு, அவரை மெல்ல இறக்கி ஒரு மரத்தடியில் உட்கார வைத்தேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகே அதைத் தொட்டேன். உள்ளே என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கண்ணுக்கே தெரியவில்லை. நிரப்பி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

அது பெட்ரோல் கார். வயது 14, ஓடியது 1,86,000 கிலோமீட்டர். சில வாரங்களாகவே அது எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காலையில் கிளப்பியதும் அரை நிமிடம் வண்டி முழுக்க நடுங்கும். புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வரும்; அதில் லேசான இனிப்பு வாசனை. காலைக் குளிரில் எந்த வண்டியும் கொஞ்சம் ஆவி விடும் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் அந்தப் புகை நிற்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

முதலில் போன பட்டறையில் என்ஜின் ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தார்கள். அடியில் வெளிர்பழுப்பு நிறத்தில் பசை ஒட்டியிருந்தது. "ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது சார். என்ஜின் முடிந்தது. இதற்கு மேல் இந்த வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள்" என்றார் அங்கிருந்தவர். எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. என்ஜின் முழுச்சூடு அடையாத குறுகிய தூர ஓட்டத்திலும் அந்தப் பசை சேரும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளம், அவ்வளவுதான். மூடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரிடம் காரை ஒப்படைக்கக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது மெக்கானிக் பேசுவதற்கு முன் சோதித்தார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். முதலாவதிலும் நான்காவதிலும் வழக்கமான பழுப்புப் படிவு. நடுவில் இருந்த இரண்டும் யாரோ கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருந்தன. "உள்ளே கூலண்ட் புகுந்து ஆவியாகிக் கழுவியிருக்கிறது" என்றார். அடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களில் வந்த அளவுகளைக் காகிதத்தில் psi அலகில் எழுதிக் கொடுத்தார்: 175, 118, 112, 172. நடுவில் உள்ள இரண்டு சிலிண்டர்களிலும் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளந்தார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைகின்றன, ஆயில் விட்டும் மாற்றமில்லை என்றால், பெரும்பாலும் அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் விட்டுப்போயிருக்கும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டுக்கும் என்ஜினின் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு அது. என்ஜினே முடிந்துவிட்டது என்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதற்குப் பிறகும் அவர் வேலையைத் தொடங்கவில்லை. "என்ஜினைப் பற்றிப் பிறகு பேசலாம் சார், முதலில் அடிப்பகுதியைப் பார்த்துவிடுவோம்" என்று வண்டியை லிஃப்டில் ஏற்றினார். இந்த மூன்று வாரத்தில் நான் கற்றுக்கொண்டவற்றில் இதற்கு இணையாக வேறு எதையும் சொல்ல மாட்டேன். கையில் விளக்கும் ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டைகள், ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் பாடியோடு இணையும் முனைகள் என்று ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போனார். கெட்டித் தகட்டில் கணீரென்று ஒலி வரும். துரு தின்ற இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும், அழுத்தினால் முனை உள்ளே இறங்கும். எங்கும் இறங்கவில்லை. பின் சக்கர வளைவின் ஓரத்தில் மட்டும் பெயிண்ட் ஒரு பொட்டு அளவுக்குக் கொப்பளித்திருந்தது. அது வெளித்தகடு, சுமை தாங்கும் பகுதி அல்ல. "கேஸ்கெட், பம்ப், கிளட்ச் எல்லாம் கடையில் வாங்கலாம். பாடியை வாங்க முடியாது. இது அரித்திருந்தால் நானே விற்கச் சொல்லியிருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். அண்ணன் தொலைபேசியில் கடிந்துகொண்டார்: "விற்றால் கிடைக்கிற தொகையில் முக்கால்வாசியைப் பழுதுக்குக் கொட்டுவாயா? பாதியைத் தாண்டினாலே விற்றுவிட வேண்டும், தெரியாதா?" அந்தப் பாதிக் கணக்கைப் பலரும் சொல்கிறார்கள். விற்கப் போகிறவருக்கு அது பொருந்தும். தொடர்ந்து ஓட்டப் போகிறவருக்குச் சந்தை விலையால் என்ன பயன்? அடுத்த இரண்டு வருடம் ஊர் போய்ச் சேர மாதம் எவ்வளவு ஆகும் என்பதுதான் என் கேள்வி. பழுதுச் செலவோடு, அந்த இரண்டு வருடத்தில் வரக்கூடிய மற்றச் செலவுகளையும் தாராளமாகவே சேர்த்து 24 ஆல் வகுத்தேன். புதுக் காருக்கான கடன் தவணையில் பாதிகூட வரவில்லை. புதுக் காருக்குக் கூடுதல் காப்பீடும், முதல் சில வருடங்களில் வேகமாகச் சரியும் மதிப்பும் தனி. இரண்டாம் கை வண்டியும் பார்த்தேன். விலை கட்டுப்படியானது, ஆனால் அதன் கடந்த காலம் எனக்குத் தெரியாது. என் காரின் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் என்னிடம் ரசீது இருக்கிறது.

ஒரு பிழையை மனைவிதான் திருத்தினாள். போன வருடம் ஏசி கம்ப்ரஸர் மாற்றியதற்குச் செய்த செலவையும் "வைத்துக்கொள்ளலாம்" என்ற பக்கத்தில் எழுதியிருந்தேன். "அது போன பணம். விற்றாலும் வராது, வைத்திருந்தாலும் வராது. அதை ஏன் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டு அந்த வரியை அடித்துவிட்டாள். அடுத்து அவள் கேட்டதுதான் கனமானது. "அத்தையை ராத்திரியில் மருத்துவமனைக்குக் கொண்டு போகும்போது இது வழியில் நின்றால்?" அதோடு பாதுகாப்பும் இருந்தது. எங்கள் காரில், பிரேக் அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் முன்பக்க ஏர்பேக்குகள் இரண்டும் உண்டு. வழுக்கும்போது வண்டியைத் தடத்தில் நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு இல்லை. 1995இலேயே கார்களில் வந்துவிட்ட வசதி அது. இந்த ஒரு விஷயத்தில் புதுக் காரின் பக்கமே நியாயம் இருந்தது. அதனால் இரண்டு வருடத்துக்கு மேல் இதை ஓட்டுவதில்லை என்றும், இரவில் நீண்ட பயணத்துக்கு இதை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தோம்.

என்ஜினைத் திறக்கும் முன் மெக்கானிக்கிடம் ஓர் எல்லை பேசி, அதைக் காகிதத்திலும் எழுதிக்கொண்டோம். சிலிண்டர் ஹெட்டில் விரிசல் இருந்தால் நிறுத்த வேண்டும். கடைசல் பிடித்துச் சரிசெய்ய முடியாத அளவுக்கு அது வளைந்திருந்தாலும் நிறுத்த வேண்டும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தாலும் அப்படியே. அப்படி நிறுத்தினால் திறந்த கூலியோடு என் செலவு முடியும். திறந்து போட்ட என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. "இவ்வளவு செய்துவிட்டோம், இதையும் செய்துவிடுவோம்" என்றே மனம் போகும்.

நான்காம் நாள் அழைத்தார், போனேன். ஹெட்டின் அடிமுகத்தின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அதன் கீழே மெல்லிய இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துக் காட்டினார். 0.05 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் போனது. 0.10 தகடு நடுவில் மட்டும் உரசிக்கொண்டு நுழைந்தது. அந்த என்ஜினின் ஹெட் வளையலாம் என்பதற்கு 0.05 தான் எல்லை. இருந்தாலும் கடைசலில் சீவிச் சமப்படுத்திவிடலாம் என்றார். அழுத்தச் சோதனையில் விரிசல் எதுவும் இல்லை. சிலிண்டர் சுவர்களைக் குனிந்து பார்த்தேன். தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன; சுவர் பெரிதாகத் தேயவில்லை என்று அர்த்தம். வேலையைத் தொடரச் சொன்னேன். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் சேர்த்தே மாற்றப்பட்டன, கழற்றும் கூலி இன்னொரு முறை வராது என்பதற்காக. ஹெட் போல்ட்களும் புதியவை. இறுக்கும்போதே நீளும்படி செய்யப்பட்டவை என்பதால் பழையவற்றைத் திரும்பப் பூட்டக் கூடாது என்று அவரே வலியுறுத்தினார்.

அது நடந்து 19 மாதம் ஆகிறது. 23,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இடையில் பின்பக்க ஷாக் அப்சார்பர்களும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் மாற்ற வேண்டி வந்தது. இரண்டும் சேர்ந்தும் நான் ஒதுக்கியிருந்த தொகையைத் தாண்டவில்லை. கூலண்ட் பாட்டிலில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஞாயிறுதோறும் பார்க்கிறேன், மட்டம் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. கட்டாமல் தப்பிய தவணையில் பாதியை மாதாமாதம் அடுத்த காருக்காகச் சேமித்து வருகிறோம்.

பின் சக்கர வளைவில் பொட்டு அளவு இருந்த கொப்புளம் இப்போது கட்டைவிரல் நகமளவு ஆகியிருக்கிறது. வண்டி கழுவும்போதெல்லாம் அதை விரலால் தடவிப் பார்க்கிறேன். அடுத்த மாதம் லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதி முழுவதையும் மறுபடி தட்டிப் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார்.